லைவ் எட்ஜ் என்னும் இயல்விளிம்பு

அறைகலன் கடைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் அண்மைக் காலத்தில் அடிக்கடி கேட்கும் சொல் ‘லைவ் எட்ஜ்’. அடிமரத்தை நீளவாக்கில் கனமான பாளங்களாக அறுத்து, ஓரங்களை நூல் பிடித்து நேராக வெட்டாமல், மரம் மண்ணில் நின்றபோது அதன் வெளிப்புறம் கொண்டிருந்த வளைவும் புடைப்பும் அப்படியே தெரியும்படி செய்யும் மேசையை ‘லைவ் எட்ஜ் டேபிள்’ என்கிறார்கள். பொருள் வந்த வேகத்துக்குச் சொல் வரவில்லை. எந்திர மொழிபெயர்ப்பில் இது ‘நேரடி விளிம்பு’ என்றும், அதைவிட வேடிக்கையாக ‘நேரலை விளிம்பு’ என்றும் ஆகிவிடுகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு உரிய ‘லைவ்’ மேசைக்கும் வந்து ஒட்டிக்கொண்டதன் விளைவு இது. ‘உயிருள்ள விளிம்பு’ என்று எழுதுவோரும் உண்டு. அறுத்து, உலர்த்தி, மெருகேற்றிய பலகையில் உயிர் ஏது என்று வாசகர் கேட்டால் அதற்கு விடை இல்லை.

விளிம்பு எது என்று முதலில் தெளிந்துகொண்டால் சொல் தானே கிடைக்கும். மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் கேம்பியம் எனப்படும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. அது உட்பக்கமாகக் கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையின் திசுக்களையும் உண்டாக்கிக்கொண்டே போவதால்தான் மரம் பருக்கிறது. லைவ் எட்ஜ் என்று காட்டப்படும் ஓரம், மரத்தை வெட்டிய நாளில் இந்தப் படலம் இருந்த இடம். பட்டையை உரித்தபின் வெளிப்படும் கட்டையின் கடைசி எல்லை. அதற்கு அடுத்து உள்ளே இருப்பது வெளிறு என்னும் வெளிர்நிற இளங்கட்டை. பட்டறையில் ‘வெள்ளை’ என்பார்கள். அதற்கும் உள்ளே இருப்பதுதான் வயிரம் என்னும் முற்றிய கட்டை. ‘புறக்காழ் அனவே புல்லென மொழிப, அகக்காழ் அனவே மரமென மொழிப’ என்று தொல்காப்பிய மரபியல் வகுத்ததும் இந்த வேறுபாட்டை வைத்தே. காழ் என்பது வயிரம். அது உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். அவற்றில் கேம்பியப் படலம் இல்லை என்பதால் நாம் பேசுகிற பொருளிலான விளிம்பும் அவற்றுக்கு இல்லை. தென்னம்பலகையின் ஓரத்தை நெளியவிட்டு ‘லைவ் எட்ஜ்’ என்று விற்றால், அந்தச் சொல் அங்கே பொருந்தாது.

ஆங்கிலத்தில் இந்த ஓரத்துக்குப் பழைய பெயர் வேறு. பிரிட்டனில் இன்றும் ‘வேனி எட்ஜ்’ என்றே வழங்குகிறது. ‘வேன்’ என்பதன் வேர் குறைதல், தேய்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினைச்சொல். தேய்பிறையைக் குறிக்கவும் அதே சொல்தான். மர வணிகத்தில் பலகையின் ஓரத்திலோ மூலையிலோ கட்டை குறைந்து பட்டை எட்டிப் பார்த்தால் அதற்கு ‘வேன்’ என்று பெயர். தரம் பிரிப்பவர் அதைக் குறைபாடாகவே கணக்கிடுவார். எத்தனை அங்குலத்துக்குமேல் இருந்தால் எந்தத் தரத்துக்கு இறக்க வேண்டும் என்பதற்கு விதிகளும் உண்டு. ஆக, அறுவை மில்லில் கழிவாகவும் குறையாகவும் எண்ணப்பட்ட பகுதிதான் இருபதாம் நூற்றாண்டில் விலையேற்றும் அழகாக மாறியிருக்கிறது. ‘லைவ்’ என்ற அடைமொழி அந்த மதிப்பு மாற்றத்தையே காட்டுகிறது. இங்கே அது உயிருடன் இருப்பதைச் சொல்லவில்லை. மனிதக் கை திருத்தாத, மரமே இட்ட வரி என்பதைச் சொல்கிறது. ஜெர்மானியர் இதற்கு ‘பௌம்கான்டெ’, அதாவது மரவிளிம்பு, என்று சுருக்கமாகப் பெயரிட்டுவிட்டார்கள். ஜப்பானியர் ‘மிமித்சுகி’ என்கிறார்கள்; காதோடு கூடியது என்பது நேர்ப்பொருள். துணியின் ஓரத்தையும் ரொட்டியின் ஓரத்தையும்கூட அவர்கள் காது என்றே சொல்வதால் அந்தப் பெயர் அவர்கள் மொழியில் இயல்பாக உட்கார்கிறது.

ஜப்பானிய மரபைப் பேசும்போது ஜார்ஜ் நகஷிமாவைக் கடந்து போக முடியாது. இந்த வகை மேசையை உலகறியச் செய்தவர்களில் முதன்மையானவர் அவர். 1905-இல் அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டடக்கலை படித்து, டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றியவர். 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்காக ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் கட்டுமானத்தை மேற்பார்வையிட வந்தார். வந்தவர் ஆசிரமவாசியாகவே ஆகி, அரவிந்தரிடம் ‘சுந்தரானந்தா’ என்ற பெயரையும் பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்துவைத்த முகாம்களில் ஒன்றான மினிடோகாவில் 1942-இல் குடும்பத்தோடு இருந்தபோது, உடனிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் கைக்கருவி நுணுக்கங்களைக் கற்றார். 1943-இல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் பட்டறை போட்டார். வால்நட் மரப் பாளங்களின் ஓரத்தை வெட்டாமல் விட்டு அவர் செய்த மேசைகள்தான் பின்னால் வந்தவர்களுக்கு முன்மாதிரி. 1990-இல் அவர் மறைந்தபின் மகள் மிரா அந்தப் பட்டறையைத் தொடர்ந்தார். கண்டத்துக்கு ஒன்றாக அமைதி மேசை வைக்க வேண்டும் என்ற நகஷிமாவின் விருப்பப்படி, முதலாவது 1986-இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ஆசியாவுக்கு உரியது 1996-இல் ஆரோவில்லுக்கு வந்தது. லைவ் எட்ஜ் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் தமிழர் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

தமிழில் ‘எட்ஜ்’ என்பதற்கு ஓரம், விளிம்பு, கரை என்று மூன்று சொற்கள் கைவசம் உள்ளன. கரை என்பது வேட்டிக்கும் ஆற்றுக்கும் ஊன்றிப்போன சொல். வேட்டிக் கரை நெய்து சேர்ப்பது என்பதால், சேர்க்காமல் விட்டதற்கு அது ஒவ்வாது. ஓரம் என்பது ஒரு பகுதி. மேசையின் ஓரத்தில் செம்பை வைக்காதே என்கிறோம், அப்போது செம்பு மேசையின் மேல்தான் இருக்கிறது. விளிம்பு என்பதோ பொருள் முடிகிற எல்லைக்கோடு. கேம்பியம் இருந்த கோட்டைச் சொல்ல விளிம்பே பொருத்தம். அடைமொழியாக ‘இயற்கை’ வைத்து ‘இயற்கை விளிம்பு’ எனலாம், பிழையில்லை. ஆனால் மரமே இயற்கைப் பொருள் என்பதால், வெட்டி நேராக்கிய ஓரமும் இயற்கைதானே என்ற மயக்கம் எழும். ‘இயல்’ என்பது அவ்வளவு அகலமான சொல் அன்று. திரிக்கப்படாத, தானாக அமைந்த என்ற பொருளில் அது நிற்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயல் எண்கள் என்று படித்தவர்களுக்கு அந்த ஆட்சி புதிதல்ல. எனவே ‘இயல்விளிம்பு’ என்பதே என் தெரிவு. இயல்விளிம்பு மேசை, இயல்விளிம்புப் பலகை, ஒருபக்கம் மட்டும் இருந்தால் ஒருபக்க இயல்விளிம்பு என்று மேலும் சொற்களை ஈன அது இடம் கொடுக்கிறது. ‘ஸ்லாப்’ என்பதற்குப் பாளம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே உண்டு. கனமில்லாததைப் பலகை என்றும் கனமானதைப் பாளம் என்றும் பிரித்து ஆளலாம். மேசை என்பது போர்த்துகீசியத்திலிருந்து வந்து நானூறு ஆண்டுகளாக நம் வீட்டில் இருக்கிறது. அதை இனி வெளியேற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

சிலர் ‘ஒழுங்கற்ற விளிம்பு’, ‘நெளிவிளிம்பு’ என்று எழுதுகிறார்கள். இவற்றை ஏற்க முடியாததற்குக் காரணம் வெறும் சொல்லழகு பற்றியதன்று. நெளிவு என்பது வடிவம். இயல்விளிம்பு என்பது மூலம். ஏறத்தாழ நேராக ஓடும் இயல்விளிம்பும் உண்டு, நெளிந்து நெளிந்து போகும் போலி விளிம்பும் உண்டு. நேராக அறுத்த பலகையின் ஓரத்தைக் கையில் பிடிக்கும் அரவை எந்திரத்தால் அலை அலையாகக் கடைந்து, சாயம் பூசி லைவ் எட்ஜ் என்று விற்பது எங்கும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. பாளத்தின் குறுக்குவெட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். உண்மையான இயல்விளிம்பில் வளர்ச்சி வளையங்கள் ஓரத்தோடு ஒத்து வளையும். கடைசி வளையம் ஓரத்தில் முழுதாக இருக்கும். போலியில் வளையங்கள் ஓரத்தில் வந்து முட்டி, வெட்டுப்பட்டு நிற்கும். மேற்பரப்பிலும் ஒரு சான்று உண்டு: வெளிறின் வெளிர்நிறக் கீற்று, ஓரம் வளையும் இடமெல்லாம் தானும் வளைந்து, ஏறத்தாழ ஒரே அகலத்தில் கூடவே போகும். ஓரம் மட்டும் நெளிய, வெளிறும் வயிரமும் சேரும் கோடு நேராகப் போனால் சந்தேகப்பட வேண்டியதுதான். விளிம்பின் சாய்வையும் தடவிப் பார்க்கலாம். அடிமரம் உருளை என்பதால் நடுவிலிருந்து தள்ளி அறுத்த பாளத்தின் இரு விளிம்புகளும் ஒரே முகத்தை நோக்கி உட்புறமாகச் சரிந்திருக்கும்.

செய்முறையில் பெரும்பகுதி காத்திருப்பு. பச்சைப் பாளத்தைக் காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது உலகெங்கும் தச்சர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அதன்படி இரண்டரை அங்குலப் பாளம் இரண்டாண்டுக்கு மேல் அடுக்கில் கிடக்க வேண்டும். ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே மரம் சுருங்கத் தொடங்குகிறது. வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இருமடங்கு. இந்த ஏற்றத்தாழ்வுதான் பாளம் குழிவதற்கும் வெடிப்பதற்கும் காரணம். வீட்டுக்குள் வைக்கும் மேசைக்கு 8 முதல் 12 விழுக்காடு ஈரப்பதம் சரி. வாங்குபவர் ஈரமானியைப் பாளத்தின் நடுவிலும் முனையிலும் வைத்துக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பட்டையை வைப்பதா, உரிப்பதா என்ற கேள்விக்கு என் விடை: உரிப்பது. வளர்ச்சி சுறுசுறுப்பாக இருக்கும் பருவத்தில் வெட்டிய மரத்தின் பட்டை இன்றில்லாவிட்டால் நாளை கழன்றே தீரும். அதன் அடியில்தான் பூச்சியும் பதுங்கும். வெளிறில் மாவுச்சத்து மிகுதி என்பதால் மரத்தைப் பொடியாக்கும் வண்டுகள் அதைத்தான் முதலில் தேடி வருகின்றன. ஓரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இயல்விளிம்பு மேசையின் அழகு வெளிறில்தான் இருக்கிறது, பலவீனமும் அங்கேயே. அறுக்கும்போதே மருந்து அடித்த பாளமா, சூளையில் சூடேற்றிய பாளமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மரப் பெட்டிகளை நாடு விட்டு நாடு அனுப்பும்போது நடுக்கட்டை வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி 30 நிமிடம் நிற்க வேண்டும் என்று ஓர் அனைத்துலக விதி இருக்கிறது. அந்த அளவு இங்கும் நல்ல வழிகாட்டி.

வெடிப்பு இருந்தால் பாளம் கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். வெடிப்பின் குறுக்கே, இரு முனையிலும் அகன்று இடையில் ஒடுங்கிய கட்டையைப் பதித்து அது மேலும் பிளக்காமல் பிடித்துக்கொள்வது பழைய முறை. பட்டாம்பூச்சிச் செருகு என்று அதைச் சொல்லலாம். நகஷிமா இதை மறைக்காமல் மேசையின் முகத்திலேயே காட்டினார். எப்பாக்ஸி என்னும் இறுகிவிடும் செயற்கைப் பிசினை ஊற்றி நிரப்புவது இன்றைய முறை. அதுவே வளர்ந்து, இரண்டு பாளங்களை விளிம்பு உள்நோக்கி எதிரெதிராக வைத்து, நடுவில் நீலப் பிசின் ஊற்றும் ‘ரிவர் டேபிள்’ ஆகிவிட்டது. ஆற்றுமேசை என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். மேலே ஒதுக்கிய கரை என்ற சொல்லுக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கிறது. பிசின் மரத்தைவிட அதிகமாகப் பரப்பை அடைத்த மேசையை மரமேசை என்று அழைப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு.

நம் பக்கத்து மரங்களில் தூங்குமூஞ்சி மரம் இதற்கு மிகவும் ஏற்றது. வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்து சாலையோரங்களில் குடை விரித்து நிற்கும் இந்த மரத்தின் அடி மிக அகலமானது; அடர்பழுப்பு வயிரமும் வெளிர்மஞ்சள் வெளிறும் தெளிவாகப் பிரிந்து நிற்பதால் விளிம்பு எடுப்பாகத் தெரியும். இந்தோனேசியாவிலிருந்து ‘சுவார்’ என்ற பெயரில் இறக்குமதியாகி விலையேறி விற்பதும் இதே மரந்தான். வாகை, மா, பலா, புளி ஆகியவற்றிலும் நல்ல பாளங்கள் கிடைக்கும். புளி கனமானது, கருவியை மழுக்குவது. ஆனால் கறிக்கடையில் அரிவாள் வெட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும் கட்டை அது என்பதால் உழைப்பைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. தேக்கில் அகலப் பாளம் அரிது, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

சொல்லிச் செய்விக்கும்போது அளவு எழுதுவதில்தான் பிணக்கு வருகிறது. நேர்விளிம்பு மேசைக்கு நீளம், அகலம் என்று இரண்டு எண் போதும். இயல்விளிம்பில் அகலம் ஓரிடத்தில் 75 செ.மீ., இன்னோர் இடத்தில் 95 செ.மீ. என்று இருக்கும், கடைக்காரர் பெரியதைச் சொல்வார், வீட்டில் தட்டு வைக்கும்போது சிறியதுதான் கணக்குக்கு வரும். ஆகவே சீட்டில் குறுகிய இடத்தின் அகலம், அகன்ற இடத்தின் அகலம் என இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒருவர் உட்கார 60 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டு, விளிம்பு உள்வாங்கும் இடத்தில் நாற்காலி வராதபடி பார்க்க வேண்டும். எடையையும் கேட்டுவிடுவது நல்லது. 2 மீட்டர் நீளம், சராசரி 90 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம் உள்ள தேக்குப் பாளம் கால்கள் இல்லாமலே 60 கிலோ அளவுக்கு வரும். கால்களைப் பொருத்தும் திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருக்கட்டும் என்றும் எழுதிக் கொடுக்கலாம். மழைக்காலத்தில் பாளம் அகலவாக்கில் சில மில்லிமீட்டர் விரிந்து கோடையில் சுருங்கும்போது, இறுக்கிப் பூட்டிய இரும்புச் சட்டம்தான் அதை வெடிக்கச் செய்கிறது. ‘ஒரே பாளம், இருபக்க இயல்விளிம்பு, பட்டை உரித்தது, பிசின் வெடிப்புக்கு மட்டும்’ என்று நான்கு தொடரில் சீட்டு முடிந்துவிடும்.