நீரேந்து: ஒரு சொல்லும் ஓர் ஆறும்

மார்கழி மாதத்தில் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியாப் பக்கம் வானொலிச் செய்தியைத் தவறவிடுபவர்கள் குறைவு. மலையக நீரேந்து பகுதிகளில் கடும் மழை, நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறப்பு, மகாவலி ஆற்றின் தாழ்நிலத்தில் இருப்பவர்கள் கவனம் என்று சொல்லிவிட்டு, மூதூர், கிண்ணியா, சேருவில, வெருகல் என ஊர்ப்பெயர்களை வாசிப்பார்கள். அன்று மூதூரில் வெயில்கூட அடிக்கலாம். கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு எதற்கு வெள்ள எச்சரிக்கை? விடை 'நீரேந்து' என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பொருள். ஓர் ஆற்றிலோ குளத்திலோ ஏதாவது ஓர் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். எங்கெங்கு பெய்யும் மழை ஓடியும் ஊறியும் கடைசியில் அந்த இடத்துக்கு வந்து சேருமோ, அவ்வளவு நிலமும் அந்த இடத்தின் நீரேந்து பகுதி. நிற்கும் இடம் மாறினால் பகுதியும் மாறும். கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலில் விழும் இடத்தில் நின்றால், நமக்குப் பின்னால் ஏறத்தாழ 10,448 சதுர கிலோமீற்றர் நிலம் இருக்கிறது. இலங்கையில் ஆறில் ஒரு பங்கு அது. திருகோணமலை மாவட்டத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். அந்த நிலத்தின் மேல் எல்லை நுவரெலியா மாவட்டத்து மலை உச்சிகள். மூதூரின் வெள்ளம் மூதூரின் மழையால் மட்டும் வருவதில்லை என்பது இதனால்தான்.

நீரேந்து பகுதியை அலுவலகங்களில் ஆங்கிலத்தில் 'கேச்மென்ட்' என்றே பேசிப் பழகிவிட்டார்கள். துரத்திப் பிடிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வேர் ஒன்று பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'கேச்', அதாவது 'பிடி' என்ற வினையானது. அதிலிருந்து பிறந்த சொல் இது. தமிழ்நாட்டுச் செய்திகளில் வரும் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' இதே பொருளில் அமைந்தது. பிழையான சொல் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிடிப்பு என்றதும் அணைக்குள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான் மனதில் வருகிறது. நீர் தேங்கிக் கிடக்கும் பரப்பையே நீர்ப்பிடிப்புப் பகுதி என்று எழுதுபவர்களும் உண்டு. அது நீர்ப்பரப்பு, நீரை அனுப்பி வைக்கும் நிலம் அதற்கு மேலே பல மைல் தூரம் விரிந்து கிடக்கிறது.

'வாட்டர்ஷெட்' என்பதில் இன்னொரு சிக்கல். அதில் வரும் 'ஷெட்' கொட்டகை இல்லை. பிரித்தல் என்ற பொருளுள்ள பழைய சொல். ஜெர்மன் மொழியின் 'வாஸர்ஷைட'வைப் பார்த்து உருவானதாகச் சொல்வார்கள். மழையை இரு பக்கமும் பிரித்துவிடும் மலைமுகட்டுக் கோட்டைத்தான் அது முதலில் குறித்தது. பிற்பாடு அமெரிக்க வழக்கில் அந்தக் கோட்டுக்குள் அடங்கிய நிலம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாமும் குழம்பத் தேவையில்லை. கோட்டுக்கு 'நீர்பிரிமேடு', ஓர் ஆறும் அதன் கிளைகளும் வடிக்கும் நிலம் முழுவதற்கும் 'வடிநிலம்'. சோற்றில் கஞ்சி வடிக்கிறோமே, அதே வடிதான். இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, 'ஏந்து' என்ன சொல்கிறது? கையேந்து, மடியேந்து. இரண்டிலும் விரித்து வாங்குவதும் தாங்கி வைத்திருப்பதும் உண்டு. இறுக்கிப் பிடிப்பது இல்லை. கையேந்தி வாங்கிய தண்ணீர் விரலிடுக்கில் கசியும், அளவு மீறினால் வழியும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் சிறு நீர்நிலைக்கே ஏந்தல் என்று பெயர். அங்கே ஏந்தல் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல.

இலக்கணத்தில் ஒரு சின்ன விஷயம். 'நீரேந்துப் பகுதி' என்று ஒற்று மிகுத்து எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஏந்து பகுதி என்பது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. ஒற்று மிகாது. வினைத்தொகை என்றால் முக்காலமும் உள்ளே மறைந்திருக்கும்: நீரை ஏந்திய, ஏந்துகின்ற, ஏந்தும் பகுதி. இந்த முக்காலம் மண்ணுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

எப்படிப் பொருந்துகிறது? ஒரு சதுர கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 10 இலட்சம் லீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர் பெய்தால் 10 கோடி லீற்றர். ஐப்பசியின் முதல் மழையில் இவ்வளவு பெய்தாலும் குளம் அவ்வளவாக ஏறாது. கந்தளாய், தம்பலகாமத்து மேட்டு நிலங்களின் செங்கபில மண் கோடை முழுக்கக் காய்ந்து கல்லாகக் கிடக்கும்; வெடிப்பிலும் வேர்த்துளையிலும் இறங்கும் தண்ணீரையெல்லாம் அது முதலில் தனக்கு எடுத்துக்கொள்ளும். அடியில் கடும்பாறை. அதன் மேல் உக்கிய மண்படை பல இடங்களில் மெல்லியது, சீக்கிரம் நிறைந்துவிடும். அப்புறம் மார்கழியில் அதே 100 மில்லிமீற்றர் விழுந்தால் பெரும்பகுதி ஓடத்தான் செய்யும். குளங்கள் வான் பாயும். மழை ஒன்றுதான். அதற்கு முன்னால் மண் எவ்வளவு ஏந்தியிருந்தது என்பதே வித்தியாசம்.

நிலாவெளி, உப்புவெளிக் கரையில் கதை வேறு. அங்கே மணல். விழுந்த மழை ஓடாமல் உள்ளே இறங்கி, அடியிலுள்ள உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். அந்த நல்ல தண்ணீரில்தான் கிணறுகள் இருக்கின்றன. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வந்துவிடும்.

மலைச் சரிவு இன்னொரு விதம். காடு இருந்தால் இலையும் சருகும் வேரும் மழையைத் தாமதப்படுத்தி மண்ணுக்குள் இறக்கும். வெறுமையான சரிவில் தண்ணீர் மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடும். மகாவலியின் பெயரே இதைச் சொல்கிறது. பாளியில் மகாவாலுகா, சிங்களத்தில் மகவெலி. பெருமணல் என்று பொருள். (நிலாவெளியின் வெளி வேறு, அது நம் தமிழ் வெளி.) மகாவலி கங்கை கொண்டுவரும் மணல் எல்லாம் அந்த மலைகளின் மண்தான்.

காலநிலையும் ஏந்துதலில் ஒரு பங்காளி. ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த நிலத்தை இலங்கையில் உலர்வலயம் என்கிறார்கள். திருகோணமலை அதற்குள் அடக்கம். மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரைக்குள் முடிந்துவிடும். ஆனி, ஆடியில் தென்மேல் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது கச்சான் என்ற வறண்ட காற்றாகச் சுட்டுக்கொண்டு வரும். குளத்துத் தண்ணீரை ஆவியாக்குவது அந்தக் கச்சான். அதே காற்று மேலே கொட்டிய மழையில் ஒரு பங்குதான் நம் வறட்சிக் காலத்தில் மகாவலியில் வருகிறது. இப்போது கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் இடையில் நிற்பதால், எப்போது எவ்வளவு வரும் என்பதில் மனிதர் கையும் இருக்கிறது.

இங்கே கந்தளாய்க் குளத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதன் இயற்கையான நீரேந்து நிலம் பேராறு என்ற ஆறும் அதைச் சுற்றிய காடுகளும். ஆனால் எலஹெர என்ற இடத்தில் மகாவலியின் கிளையாறான அம்பன் கங்கையை மறித்து, மின்னேரியா வழியாகக் கந்தளாய் வரை பெருவாய்க்கால் கொண்டுவந்திருக்கிறார்கள். மாத்தளை மலையில் பெய்த மழை தம்பலகாமத்து வயலுக்கு வருவது இப்படித்தான். அதனால் அந்த மலைகளைக் கந்தளாயின் நீரேந்து நிலம் என்று சொல்லலாமா? கூடாது என்பது என் எண்ணம். நீர்பிரிமேட்டுக்கு உள்ளே, சரிவின் போக்கில் தானாக வந்து சேரும் நிலத்துக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்வோம். வெட்டிக் கொண்டுவரும் தண்ணீருக்கு 'வாய்க்கால் வரத்து' என்று தனியாகச் சொன்னால் போதும். கோடை நெற்பயிர்க் காலமான சிறுபோகத்தில் குளம் குறையும்போது, பேராற்றுக் காட்டில் மழை இல்லையா, எலஹெரவிலிருந்து தண்ணீர் வரவில்லையா என்று கேட்க அப்போதுதான் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கும்.