7.5 சதவீத ஒதுக்கீடு: மதிப்பெண் இருந்தும் இடம் நழுவுவது எங்கே?

வசதியில்லாத வீட்டுப் பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியரோ, உறவினரோ, ஊர்ச் சங்கமோ முதலில் திரட்டுவது கோச்சிங் கட்டணத்தை. அதுவும் தேவைதான். ஆனால் அரசுப் பள்ளி மாணவர் விஷயத்தில், போதிய மதிப்பெண் வந்த பிறகும் இடம் கைவிட்டுப் போவது பல நேரம் பணத்தால் அல்ல. இடையில் ஒரே ஓராண்டு படித்த வேறு பள்ளி, வாங்காமல் விட்ட ஒரு சான்றிதழ், யாருடைய கைபேசிக்கோ போன ஓடிபி என்று காரணம் சின்னதாக இருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் இரண்டு ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்துக்கொண்டால் இவை எல்லாமே தவிர்க்கக் கூடியவை.

தமிழ்நாடு அரசு 2020-இல் கொண்டுவந்த சட்டப்படி எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி படிப்புகளில் மாநில அரசின் இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உண்டு. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில் சேரும். சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இந்தச் சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு இது பொருந்தாது.

தகுதி எளிமையாகத்தான் தெரியும்: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், பழங்குடியினர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி மட்டும் இதில் வராது. சிக்கல் தொடங்குவது இங்கேதான். சம்பளத்தை அரசு தருகிறது, சத்துணவும் போடுகிறார்கள், ஆகவே இதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். ஏழாம் வகுப்பு மட்டும் அங்கே படித்திருந்தாலும் ஒதுக்கீடு கிடைக்காது. விதிவிலக்கு ஒன்று உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத் தகுதி இருக்கிறது. எனவே இதைச் சரிபார்க்க வேண்டிய நேரம் பிளஸ் டூ முடிந்த பிறகு அல்ல. ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும்போதே. நல்ல பள்ளி என்று அக்கறையோடு உதவி பெறும் பள்ளியில் சேர்த்துவிடுபவர், தெரியாமலே இந்தக் கதவை அடைத்துவிடுகிறார்.

அடுத்த கதவு பதினொன்றாம் வகுப்பின் பாடப்பிரிவு. இயற்பியல், வேதியியலோடு உயிரியல் இருக்க வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக எடுத்தாலும் சரி. நீட் எழுதும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சீக்கிரம் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சான்றிதழ்களில் அதிகம் குழப்புவது ஓபிசி, அதாவது மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. மாநிலச் சாதிச் சான்றிதழில் பிசி அல்லது எம்பிசி என்று இருந்தால் போதும் என்று நினைத்து, நீட் விண்ணப்பத்தில் ஓபிசி என்று குறித்துவிடுவார்கள். அதற்கு மத்திய அரசுப் பட்டியலில் சாதி இருக்க வேண்டும். மத்திய அரசு வடிவத்தில் கிரீமி லேயரில் (அந்தப் பிரிவிலேயே வசதி மிகுந்தவர்களில்) வராதவர் என்ற சான்றிதழும் வேண்டும். அது வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வாங்கும் தனிச் சான்று. இதற்கான ஆண்டு வருமான வரம்பான 8 லட்சம் ரூபாயைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்க மாட்டார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. இ-சேவை மையத்தில் கொடுத்த மனு திரும்பி வந்து மீண்டும் கொடுக்க நேரலாம் என்பதால், விண்ணப்ப அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நீட் விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் போடும்போது அங்கிருப்பவர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்துவிடுவது வாடிக்கை. அனுமதிச் சீட்டு, திருத்தும் வாய்ப்பு, பின்னால் கலந்தாய்வுத் தகவல் எல்லாம் அவருக்கே போய்ச் சேரும். மாணவர் பெயரில் ஒரு மின்னஞ்சல், வீட்டிலேயே இருக்கும் ஒரு எண், கடவுச்சொல் எழுதிய ஒரு நோட்டு: இந்த மூன்றும் முதலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் ஆதாரில் அப்படியே இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துத் திருத்திவிடுங்கள்.

தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியல் மட்டும் 90 கேள்விகள். தமிழில் எழுத விரும்பினால் விண்ணப்பத்திலேயே தேர்வு செய்ய வேண்டும். வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018-இல் 49 கேள்விகளின் தமிழாக்கம் பிழை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது, ஆனால் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆகவே தமிழ்வழி மாணவர் பதினொன்றிலிருந்தே ஒவ்வொரு கலைச்சொல்லையும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் படிப்பது நல்லது. மாநிலப் பாடநூலோடு மத்திய அரசின் என்சிஇஆர்டி உயிரியல் பாடநூலை வரிவரியாகப் படித்தாக வேண்டும். அது இணையத்தில் இலவசம். பல ஆயிரம் கொடுத்து வாங்கும் பொருள்விளக்கப் புத்தகங்களைவிட இதற்கும் பழைய வினாத்தாள்களுக்கும் அச்சுச் செலவு கொடுப்பது மேல்.

நீட் முடிவு வந்ததும் இடம் தானாக வரும் என்று காத்திருந்து ஏமாறுபவர்கள் உண்டு. மாநில இடத்துக்குச் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சித்தா, ஹோமியோபதி முதலியவற்றுக்கு இந்திய மருத்துவத் துறையிடம் இன்னொரு விண்ணப்பம். கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்களுக்கு நீட் கிடையாது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம், அங்கும் 7.5 சதவீதம் உண்டு. நீட் முடிவுக்காகக் காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் உள்ள படிவத்தில்தான் வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரையும் பார்க்க வேண்டிவரும். கோடை விடுமுறையில் அவர்களைத் தேடி அலைவதைவிட மார்ச் மாதத்திலேயே பழைய பள்ளிகளில் விவரங்களை எடுத்துவைப்பது நல்லது.

இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியானாலும். இதை நம்பாமல் தனியார் கல்லூரி இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவது பெரிய இழப்பு. கல்லூரி வேறு பெயரில் பணம் கேட்டால் ரசீதோ எழுத்துமூலமான விவரமோ இல்லாமல் கட்ட வேண்டாம். தேர்வுக் குழுவிடம் புகார் செய்யலாம்.

நன்கொடையாளர் உதவி உண்மையில் தேவைப்படுவது சேர்ந்த பிறகு. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று தடித்த ஆங்கிலப் புத்தகங்கள், வெள்ளைக் கோட், டிசெக்‌ஷன் பாக்ஸ், ஒரு டேப், மாதச் செலவு. புத்தகமும் எலும்பு செட்டும் சீனியர்களிடம் பாதி விலைக்கோ இரவலாகவோ கிடைக்கும். புதிதாக வாங்கித் தர அவசரப்பட வேண்டாம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், எஸ்சி, எஸ்டி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க நினைவூட்டுங்கள்.

எம்பிபிஎஸ் முதலாண்டுத் தேர்வில் தேறுவதற்கு அதிகபட்சம் நான்கு முயற்சிகள்தான். தேர்வு எழுதவே வகுப்பில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை வேண்டும். தமிழ்வழியில் வந்தவர் முதல் மூன்று மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் விடுதியிலேயே முடங்கிவிட்டால் வருகைதான் முதலில் அடிவாங்கும். அந்த மூன்று மாதத்துக்கு அதே கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் துணைக்குப் பிடித்துக் கொடுங்கள். முதல் உள்தேர்வு மதிப்பெண் வந்ததும் மாணவரிடமே கேட்டு வாங்கிப் பாருங்கள்.