விழும் ஈயம் உருண்டையாவது எப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர், பழைய ஈயத்தை உருக்கி, இரு பாதிகளாகத் திறக்கும் உலோக அச்சில் ஊற்றி, குறைந்த செலவில் தங்கள் குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள் (இந்தியாவில் உரிமமின்றி இதைச் செய்வது குற்றம்). இப்படி வார்ப்பதைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், பறவை வேட்டைக்கான சின்னஞ்சிறு ரவைகளையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வார்ப்பார்களா என்று கேட்டிருந்தார். 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈய ரவைகள் ஒரு கிலோவுக்கு ஆறாயிரத்துக்கும் மேல் நிற்கும். அத்தனைக்கும் அச்சைத் திறந்து மூடி, அச்சின் பாதிகள் சேருமிடத்தில் விழும் பொருத்து வரியைச் சீவிக்கொண்டிருந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

அச்சே இல்லாமல் இதைத் தீர்த்தவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குழாய் வேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ். 1782-இல் அவர் காப்புரிமை பெற்ற முறையில், உருகிய ஈயம் உயரத்திலிருந்து சல்லடைக் கண்கள் வழியே ஒழுகி, அடியிலுள்ள தண்ணீரில் விழுகிறது. அந்த உயரத்துக்காகத் தம் வீட்டின் மேலேயே கோபுரம் கட்டினார். ஈய மழை பொழிவதாகக் கண்ட கனவே இதற்குக் காரணம் என்றொரு கதை உண்டு. அந்தக் காலத்துக் குழாய் வேலை என்பதே ஈய வேலைதான். நாள்தோறும் ஈயம் உருக்கியவரின் கைப்பழக்கத்துக்குச் சேர வேண்டிய பெருமையைக் கனவுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதும், திரவத்தின் மேற்பரப்பு சுருங்கவே முயலும் என்பதும் பள்ளிப் பாடம். உருகிய ஈயத்தில் இப்படிச் சுருக்கும் விசை, அதாவது பரப்பு இழுவிசை, தண்ணீருடையதைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. சல்லடையிலிருந்து இறங்கும் தாரையில் எங்கேனும் சிறிதளவு இடை மெலிந்தால், அங்கே அழுத்தம் கூடி, உள்ளிருக்கும் ஈயத்தை இருபுறமும் பிதுக்குகிறது. பிதுங்கப் பிதுங்க இடை மேலும் மெலிந்து, முடிவில் அறுந்து துளியாகிறது.

அறுந்த கணத்தில் அந்தத் துளி உருண்டையாக இருப்பதில்லை. வால் நீண்டு, கோணலாகவே இருக்கிறது. பரப்பு இழுவிசை வாலை உள்ளிழுக்க, வந்த வேகத்தில் துளி கோள வடிவைத் தாண்டிப் போய்த் தட்டையாகிவிடுகிறது. தட்டையானதை அதே விசை மறுபடி இழுக்க, இப்போது நீண்டுவிடுகிறது. ஊசல் நடுநிலையில் நிற்காமல் இருபுறமும் ஆடுவது போன்றதே இது. 3 மில்லிமீட்டர் ஈயத்துளிக்குக் கணக்கிட்டால், விநாடிக்குச் சுமார் 50 முறை இந்த ஆட்டம் நிகழ்கிறது. ஈயத்தின் உள்ளுராய்வு அதைச் சிறிது சிறிதாகத் தணிக்கிறது. தரையில் கிடக்கும் துளியை அதன் எடையே நசுக்கிவிடும். விழுகிற துளிக்கோ, காற்றின் மெல்லிய தடையைத் தவிர, தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. ஆகவே நசுங்கவும் வழியில்லை. கோபுரத்திலிருந்து வாட்ஸ் பெற்றது, ஏறத்தாழ எடையற்ற சில விநாடிகளைத்தான்.

ஆட்டம் அடங்கி, மேல்தோல் உறைந்த பிறகே துளி தண்ணீரைத் தொட வேண்டும். பெரிய ரவை மெதுவாகக் குளிர்வதால் அதற்கு உயரமும் அதிகம் தேவை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1828-இல் கட்டிய கோபுரம் சுமார் 71 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால், அதைக் கடக்க நான்கு விநாடிகூட ஆகாது. தூய ஈயத்தின் மேல் படியும் ஆக்சைடு ஏடு வாலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வதால், உருக்கும்போது சிறிதளவு ஆர்சனிக் சேர்த்தார்கள்.

சென்னை ஐஐடி-யில் இன்று இதே தத்துவத்தில் 2.5 விநாடி எடையின்மை தரும் வீழ்கோபுரம் ஒன்று உள்ளது. விண்வெளிக்குப் போகாமலே தீச்சுடரின் நடத்தையை அதில் ஆராய்கிறார்கள். ராக்கெட் ஏவுதலுக்குக் கைதட்டும் நாம், இத்தகைய சிக்கனமான கருவிகளுக்கும் தாராளமாக நிதி கேட்க வேண்டும் என்பேன்.

ரவைகளைத் தரம் பிரிப்பதற்கும் வாட்ஸின் வழிவந்தவர்கள் புவியீர்ப்பையே நம்பினார்கள். சாய்பலகையில் உருட்டிவிட்டால், நல்ல உருண்டைகள் வேகமெடுத்து அதன் முனையிலுள்ள இடைவெளியைத் தாண்டிவிடும்; கோணல்கள் தயங்கி உருண்டு இடைவெளிக்குள் விழுந்து, மீண்டும் உருக்குச் சட்டிக்கே போகும்.