சேற்றில் உறங்கும் பாசி: கடலடியில் எண்ணுவது எதற்கு?

கடல் நிறம் மாறினால்தான் பயப்பட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அலெக்ஸாண்ட்ரியம் என்ற நுண்பாசிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. லிட்டருக்குச் சில நூறு செல்கள் இருந்தாலே, நீரை வடிகட்டித் தின்னும் மட்டிகளில் சாக்ஸிடாக்சின் நஞ்சு சேர்ந்துவிடும். தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருக்கும். வேகவைத்தாலும் ஐஸில் வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. 1981-இல் கல்பாக்கம் அருகே வயலூரில் மட்டி தின்ற மூவர் இறந்தது இந்த வகைப் பக்கவாத நஞ்சால்தான். 100 கிராம் சதையில் நஞ்சு 80 மைக்ரோகிராமைத் தொட்டால் அமெரிக்காவில் மட்டி எடுக்கத் தடை போட்டுவிடுவார்கள்.

இந்தப் பாசி ஆண்டு முழுவதும் நீரில் இருப்பதில்லை. நைட்ரஜன் தீரத் தொடங்கும்போது பாலணுக்கள் இணைந்து, தடித்த உறைகொண்ட உறக்கநிலைச் செல்லாக, அதாவது சிஸ்டாக, மாறிக் கடலடியில் படிகின்றன. அதன்பிறகு சில மாதங்கள் கட்டாய உறக்கம். எவ்வளவு நல்ல சூழல் கொடுத்தாலும் முளைக்காது. உறக்கம் கலைந்த பிறகும் ஆக்சிஜன் வேண்டும். சேற்றில் சில சென்டிமீட்டர் புதைந்துவிட்டால் அங்கே ஆக்சிஜன் கிடையாது. சிஸ்ட் சாகாமல் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

இதை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இடம் அமெரிக்க வடகிழக்குக் கரையின் மெய்ன் வளைகுடா. அங்கே பெரிய சிஸ்ட் படுகைகள் இரண்டு: ஒன்று ஃபண்டி விரிகுடா வாயில், மற்றொன்று பெனாப்ஸ்காட், காஸ்கோ விரிகுடாக்களுக்கு வெளியே. ஆழ்ந்த பகுதியில் வெளிச்சமில்லை, குளிரும் பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் வசந்தம் வந்தது சிஸ்டுக்கு எப்படித் தெரியும்? உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. ஆய்வகத்தில் இருட்டில், ஒரே வெப்பநிலையில் வைத்த சிஸ்டுகளும் ஏறத்தாழ ஓராண்டுச் சுழற்சியில்தான் முளைத்தன என்று 1987-இல் ஆண்டர்சனும் கீஃபரும் காட்டினார்கள். ஆழமில்லாத உப்பங்கழிகளில் நிலைமை வேறு. அங்கே உறக்கக் காலம் முடிந்ததும் நீரின் வெப்பம்தான் நாள் குறிக்கிறது.

முளைத்த செல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிரிந்தால், பத்தே பிரிவில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதற்கு ஒரு மாதம் போதும். சிஸ்ட் தருவது முதல் மட்டும்தான், வட்டி போடுவது நீர்.

அந்த முதல் எவ்வளவு இருக்கிறது என்று அறியத்தான் கடலடிச் சேற்றில் சிஸ்டுகளை எண்ணுகிறார்கள். இந்த வேலை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும். பிழை அதிகம் நேர்வது மாதிரி எடுக்கும்போதுதான். வேகமாக இறங்கும் கருவி தன் முன்னால் தள்ளும் நீரே மேற்படிவைக் கலைத்துவிடும். முளைக்கக்கூடிய சிஸ்டுகள் இருப்பதோ அந்த மேல் ஒரு சென்டிமீட்டரில். அதனால் மெதுவாக இறங்கும் கிரெய்ப் என்ற மாதிரிக் குழாயால் சேற்றை எடுத்து, மேல் 1 செ.மீ.யையும், 1 முதல் 3 செ.மீ. வரையுள்ளதையும் தனித்தனியாக வைக்க வேண்டும். பாட்டிலை விளிம்புவரை நிரப்பிக் காற்றில்லாமல் மூடி, இருட்டில், 2–4 டிகிரியில் வைக்க வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணுவதற்கு முன்பே முளைத்துவிடும்.

பிறகு ஒலியலையால் சேற்றைப் பிரித்து, 20க்கும் 80க்கும் இடைப்பட்ட மைக்ரான் பகுதியைச் சலித்தெடுத்து, ஃபார்மலினில் நிலைப்படுத்துவார்கள். அடுத்தது மெத்தனால். இதைச் சிலர் அவசரமாக முடிப்பார்கள்; பச்சையம் முழுவதும் கரையாவிட்டால் அதன் சிவப்பு ஒளிர்வு எண்ணிக்கையைக் குழப்பும். கடைசியாகப் பிரிமுலின் சாயம். நீல ஒளியில் சிஸ்ட் மஞ்சள்-பச்சையாக ஒளிரும். முளைத்துப்போன வெற்று உறையையும் உயிருள்ளதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

இந்த எண்ணிக்கை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? மெய்ன் வளைகுடாவில் 2004 இலையுதிர் காலத்தில் சிஸ்ட் எண்ணிக்கை மிக அதிகம். 2005-இல், 1972-க்குப் பிறகு காணாத அளவு பாசிப் பெருக்கம் வந்தது; மழையும், மே மாதம் வீசிய வடகிழக்குப் புயல்களும் அதைத் தெற்கே மாசச்சூசெட்ஸ் கரைக்குத் தள்ளின. 2010-க்கு முன் எண்ணியதில் அதைவிடவும் கூடுதல் வந்ததால் பெரிய பெருக்கம் வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அது வரவில்லை. வளைகுடாவுக்குள் அந்த ஆண்டு வந்த நீர் வழக்கத்தைவிட வெப்பமானது, உப்பும் ஊட்டச்சத்தும் குறைந்தது. ஆகவே சிஸ்ட் வரைபடத்தைப் பெருக்கம் எங்கே தொடங்கும் என்று அறியப் பயன்படுத்தலாம். எவ்வளவு பெரிதாகும் என்பதை நீர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வாரந்தோறும் மட்டிச் சதையைச் சோதிப்பதை இது எந்த விதத்திலும் ஈடுசெய்யாது.

மனிதர் செய்யும் வேலைகளிலும் கவனம் வேண்டும். தூர்வாரினால் புதைந்த சிஸ்டுகள் ஆக்சிஜன் உள்ள மேற்பரப்புக்கு வந்துவிடும். முளைக்கும் பருவத்தைத் தவிர்த்து, வாருவதற்கு முன் அடுக்கடுக்காக எண்ணிப் பார்க்க வேண்டும். பாதிப்புள்ள இடத்து உயிர்மட்டியை வேறு கழியில் விட்டால், அதன் குடலில் செரிக்காமல் கிடக்கும் சிஸ்டும் சேர்ந்து போகும். கப்பல் சாயாமலிருக்க ஏற்றும் நிலைப்புநீரின் தொட்டி அடியில் தங்கும் வண்டலும் அப்படியே. 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நிலைப்புநீர் உடன்படிக்கையின்படி நீர் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, அந்த வண்டலையும் முறைப்படி அகற்ற வேண்டும்.