ஆட்டோமேட்டிக் வாட்ச்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல வாட்ச் தேடிப் போனா, நான் முதல்ல அத காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டிப் பாப்பேன். பழக்கம் எங்க ஐயாகிட்ட இருந்து வந்தது. மலாயாவுல கணக்கு எழுதிட்டு வந்தவுக, "ஆட்டுனா ஓடும், அதான்டா ஆட்டோமேட்டிக்"னு சொல்லுவாக, நானும் காலேஜ் போற வரைக்கும் நம்பிட்டேன்.

சொல்லு கிரேக்கம். 'ஆட்டோமேட்டோஸ்', தானா நடக்குறதுன்னு அர்த்தம், ஆட்டுறதுக்கும் அதுக்கும் ஒரு ஒறவும் இல்ல. ஆனா மெஷினப் பொறுத்தவரைக்கும் ஐயா சொன்னது சரிதான், உள்ள ஒரு எடை இருக்கு, கை ஆட ஆட அதுவும் ஆடி ஸ்பிரிங்க முறுக்கிவிடும். 1924-ல ஜான் ஹார்வுட்ங்கற இங்கிலாந்துக்காரர் சுவிஸ் பேட்டன்ட் வாங்குன வாட்ச்ல அந்த எடை ரெண்டு பக்கமும் முட்டி முட்டித் திரும்பும், நம்ம வளவுல கெடக்குற ஊஞ்சல் மாதிரி. 1931-ல ரோலெக்ஸ் அந்த எடைய முழுசா சுத்துற மாதிரி போட்டாங்க, அதுக்குப் பேரு ரோட்டர், அது ராட்டினம். 1948-ல எட்டெர்னா ரோட்டருக்கு அஞ்சு குட்டி குண்டு வச்ச பேரிங் குடுத்தாங்க, அவங்க லோகோவுல இருக்கற அஞ்சு புள்ளி அதுதான். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கொஞ்ச வருஷம் ஊஞ்சல், ராட்டினம் ரெண்டு வகையும் வந்துச்சு. டொக் டொக்னு முட்டுனா ஊஞ்சல், சர்ருன்னா ராட்டினம். எனக்கு முட்டுறதுதான் இஷ்டம், உள்ள இருந்து யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கும்.

தமிழ்ல 'தானியங்கி'ன்னு எழுதுறாங்க, எனக்கு அது ஒத்து வரல. சாவி கொடுத்துட்டா எல்லா வாட்ச்சும் தானாதான இயங்குது? இதுல தானா நடக்குறது முறுக்கேறுறது மட்டும்தான். அதனால 'தன்முடுக்குக் கடிகாரம்'னு சொன்னா பொருந்தும். வீட்ல எல்லாரும் சொன்னது 'சாவி கொடுக்காத வாட்ச்', அதுவே போதும்ங்கறது என் கட்சி. வேடிக்கை என்னன்னா 'சாவி'யே போர்ச்சுகீஸ்ல இருந்து வந்தது, நம்ம சொல்லு திறவுகோல். அந்தக் காலத்து பாக்கெட் வாட்ச்ச நெசமாவே தனிச் சாவி போட்டுத்தான் முறுக்குவாங்க, அந்தச் சாவி போயி ஓரத்துல திருகு வந்த பிறகும் பேச்சுல சாவி அப்படியே தங்கிருச்சு.

டயல்ல ஆட்டோமேட்டிக்னு எழுதியிருக்கறத மட்டும் நம்பாதீங்க. ஒருதடவ வெளியூர்ல ஒண்ணு வாங்கி வீட்ல வந்து தொறந்தா உள்ள சாவி கொடுக்கற மெஷினு, டயல் மட்டும் புதுசா பெயின்ட். பொட்டியில வச்ச வாட்ச் மூணாம் நாள் நின்னிருந்தா கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, முறுக்கு எறங்கிருக்கும், எடுத்து மெதுவா பத்துத் தடவ ஆட்டிப் பாருங்க.