கிளட்ச் பிரியாதபோது பழுதை எங்கே தேடுவது?

கிளட்சை முழுவதும் மிதித்த பிறகும் கியர் விழ மறுத்தாலோ, ரிவர்ஸ் போடும்போது பற்கள் கரகரவென்று உரசினாலோ, கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட்டை மாற்றிவிடலாம் என்ற முடிவுக்குப் பலர் உடனே வந்துவிடுகிறார்கள். பெடலின் விசையை ஆயில் கடத்தும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் அது அவசர முடிவு. பிளேட் தேய்ந்தால் பெரும்பாலும் கிளட்ச் இறுகப் பிடிக்காமல் வழுக்குமே தவிர, எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸைப் பிரிக்காமல் போகாது.

பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, அங்கிருந்து கிளம்பும் பிரேக் ஆயில் குழாய் வழியே சென்று ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்துகிறது. அந்த அசைவே ரிலீஸ் பேரிங்கை அழுத்திக் கிளட்சைப் பிரிக்கிறது. நகரும் ஆயிலின் அளவோ மிகக் குறைவு. மாஸ்டர் பிஸ்டனின் விட்டம் 16 மி.மீ., அது நகரும் தூரம் 25 மி.மீ. என்று கொண்டால், ஒரு மிதிக்கு ஏறத்தாழ 5 மி.லி. ஆயில்தான் இடம்பெயர்ந்து, 20 மி.மீ. விட்டமுள்ள ஸ்லேவ் பிஸ்டனை 16 மி.மீ. தள்ளும். உள்ளே 1 மி.லி. காற்று புகுந்திருந்தால், அழுத்தத்தில் அது நசுங்கிவிடுவதால், அந்த அசைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. கிளட்ச் அரைகுறையாகப் பிரிவதற்கு அதுவே போதும்.

ஆகவே சோதனையைப் பெடலில் தொடங்க வேண்டும். விரைவாக நாலைந்து முறை மிதித்ததும் பெடல் இறுகி, கியரும் எளிதாக விழுந்தால், காற்று புகுந்திருக்கிறது அல்லது ஆயில் கசிகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார்த்தால், கசிவு இருக்குமிடத்தில் ஈரம் தெரியும். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருப்பதால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எளிதில் ஏமாற்றுவது மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல்தான். அது தேய்ந்தால் ஆயில் பிஸ்டனைக் கடந்து மீண்டும் தொட்டிக்கே திரும்பிவிடும். வெளியே ஈரமும் இராது, தொட்டியில் அளவும் குறையாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் பெடலை அசையாமல் மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் வெளியே பொருத்தப்பட்ட ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடை (பிஸ்டன் தள்ளும் தண்டை) உற்றுப் பார்க்கட்டும். வெளியே கசிவில்லாத நிலையில் அது மெல்ல மெல்லப் பின்வாங்கினால், பழுது அந்தச் சீலில்தான் இருக்க வேண்டும். முழு தூரம் நகர்ந்து அங்கேயே நின்றும் கிளட்ச் பிரியவில்லை என்றால்தான் கியர்பாக்ஸை இறக்குவதில் பொருள் உண்டு.

கிளட்ச் வழுக்கும்போதும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைபட்டால், பெடலை விட்ட பிறகும் அழுத்தம் தங்கி, பிளேட்டை முழுமையாக இறுக விடாது. பெடலைத் தொடாமல் ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியேற்ற உதவும் பிளீடர் திருகைச் சற்றே தளர்த்தியதும் ஆயில் பீய்ச்சியடித்து, திருகை இறுக்கி ஓட்டும்போது வழுக்கலும் நின்றால், பிளேட்டை விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டரையே கவனிக்க வேண்டும்.