ஒரு பூனைக்கு எத்தனை வீடு?

2013-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள ஷாம்லி கிரீன் கிராமத்தில் 50 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவியை மாட்டிவிட்டார்கள். பிபிசி தொலைக்காட்சியும் ராயல் வெட்டர்னரி கல்லூரியும் சேர்ந்து செய்த ஆய்வு அது. சில பூனைகளுக்குக் குட்டிக் கேமராவும் கட்டினார்கள். தெரியவந்த சங்கதிகளில் ஒன்று: சில பூனைகள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, அங்கே வளரும் பூனையின் தட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டு வருகின்றன.

நம்மூரில் இதற்குக் கேமரா வேண்டாம். "உங்க பூனை தினம் எங்க வீட்லதான் சாப்பிடுது" என்று எதிர்வீட்டு அக்காவே சொல்லிவிடுவார், கொஞ்சம் பெருமையோடு. அவர் வீட்டில் அதற்கு வேறு பெயரும் இருக்கும்.

வளர்த்தவருக்கு இது துரோகமாகத் தோன்றும். பூனையின் கணக்கோ வயிற்றில் தொடங்குகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் தனியாக வேட்டையாடித் திரிந்த காட்டுப்பூனை. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி தேவை. ஒரு சுண்டெலியில் கிடைப்பது ஏறத்தாழ 30. அப்படியானால் தினமும் ஏழெட்டு எலி பிடித்தாக வேண்டும். பாய்ந்த பாய்ச்சலெல்லாம் பலிப்பதும் இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பகலும் இரவுமாகப் பல தடவை சாப்பிடும் உடம்பு அதற்கு வாய்த்துவிட்டது. தட்டில் எப்போதும் தீனி இருக்கும்படி விட்டால் வீட்டுப் பூனையும் நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் வந்து நக்கிவிட்டுப் போகும். நாமோ காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை போடுகிறோம். நடுவில் பன்னிரண்டு மணி நேரம். எதிர்வீட்டு மீன் தலை விழுவது அந்த இடைவெளியில்தான்.

இதோடு பூனைக்கே உரிய ஒரு சோம்பலும் சேர்கிறது. எலி, புறா போன்ற பல விலங்குகள், பக்கத்திலேயே இலவசமாகத் தீனி இருந்தாலும், கொஞ்சம் உழைத்துப் பெறும் தீனியையும் நாடிப் போகும். பூனை அப்படியில்லை என்று 1971-இல் ஒரு சோதனை காட்டியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்விலும், புதிருக்குள் ஒளித்து வைத்த தீனியை விடத் தட்டில் சும்மா கிடந்த தீனியைத்தான் பூனைகள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தன. வாசற்படியில் யாரோ வைக்கும் நெத்திலிக்கு எந்தப் புதிரும் கிடையாது.

நாக்கும் தன் பங்குக்கு இழுக்கிறது. பூனைக்கு இனிப்புத் தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணு அதனிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். அது தேடுவது புரதம். விதவிதமான தீனிகளை முன்னால் வைத்துத் தேர்ந்தெடுக்க விட்டபோது, தன் கலோரியில் பாதிக்குச் சற்று மேல் புரதத்திலிருந்து வரும்படி பூனைகள் கலந்து சாப்பிட்டதை 2011-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. தயிர்ச்சோறு மட்டுமே கிடைக்கும் வீட்டிலிருந்து பூனை மத்தி வறுக்கும் வீட்டைத் தேடிப் போகிறதென்றால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வீட்டு அடுக்களை வாசலில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வாலை நட்டு வைத்த மாதிரி தூக்கிக்கொண்டு வரும். நிலைப்படியில் கன்னத்தைத் தேய்க்கும். கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் வாடை மரத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் மூக்குக்கு எட்டாது, பூனைக்கு அது பழகிய இடத்தின் முத்திரை. அடுத்தது குரல். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அபூர்வம். அது பெரும்பாலும் மனிதர்களுக்கான பாஷை. தீனி கேட்கும்போது போடும் குர்ர்ர் ஒலிக்குள் அழுகை போன்ற உயர்ந்த சுருதி ஒன்று பொதிந்திருப்பதை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2009-இல் காட்டினார்கள். பூனை வளர்த்தே பழகாதவர்களுக்கும் அது அவசரமாக ஒலித்தது. எதிர்வீட்டு அக்கா பாவம், என்னதான் செய்வார்?

"நான் எப்பவாவதுதான்பா போடுறேன்" என்பார். சிக்கலே அந்த 'எப்பவாவது'தான். ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் தீனியை விட, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் சில சமயம் மட்டும் கிடைக்கும் தீனிதான் விலங்கை வலுவாகப் பழக்கப்படுத்தும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரைப் போல, பத்து நாள் வெறும் வாசலைப் பார்த்தாலும் பதினோராம் நாளும் பூனை அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

சரி, இதனால் பூனை தொலைந்து போய்விடுமா? ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளை ஜிபிஎஸ் மூலம் தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை வீட்டைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளேயே காலத்தைக் கழித்தன. பூனை வீட்டைவிட்டுப் போவதில்லை, வீட்டை அகலப்படுத்திக்கொள்கிறது. கருத்தடை செய்யாத கடுவனின் கதை வேறு. அது பெட்டையைத் தேடி வெகுதூரம் போகும். அடியோடு வீடு மாறிவிட்ட பூனையென்றால், தீனியை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. தீனி, விளையாட்டுப் பொருள், வாசனை, மனிதரின் கொஞ்சல் நான்கையும் முன்னால் வைத்து 2017-இல் வெளியான ஒரு சோதனையில் பாதிப் பூனைகள் கொஞ்சலைத்தான் தேர்ந்தெடுத்தன. புதிதாக நாய் வந்ததா, இன்னொரு பூனை வந்ததா, வீட்டில் கட்டட வேலை நடக்கிறதா என்று முதலில் நம் பக்கத்தைப் பார்ப்பது நல்லது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வீட்டில் சாப்பிடும் பூனையின் மொத்தக் கணக்கு யாரிடமும் இல்லை. உடம்பு பெருத்து நீரிழிவு வரலாம். சிறுநீர் அடைப்புக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த தனித் தீனியைக் கருவாட்டுத் துண்டு கெடுத்துவிடலாம். குழம்பு மீனில் ஊறிய வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. இவற்றை விட எனக்குப் பயம் தருவது எதிர்த்திசை. பூனை நோயை மறைக்கும். பசி குறைவதுதான் பல சமயம் முதல் அடையாளம். 'அங்கே சாப்பிட்டிருக்கும்' என்று மூன்று வீட்டாரும் நினைத்துக்கொண்டிருக்க, அது சில நாளாக எதையுமே தின்னாமல் கிடக்கும். குண்டுப் பூனை அப்படிப் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வெறிநோய்த் தடுப்பூசி விஷயத்திலும் இதே கதை: அவர்கள் போட்டிருப்பார்கள் என்று இவர்கள், இவர்கள் போட்டிருப்பார்கள் என்று அவர்கள்.

எங்கே சாப்பிடுகிறது என்று தெரியாவிட்டால், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் காலரில் ஒரு சீட்டைச் சுற்றி ஒட்டி அனுப்பலாம்: 'எனக்கு வீடு உண்டு, எனக்குத் தீனி போடுகிறவர் இந்த எண்ணுக்குச் சொல்லவும்.' அதே அளவுத் தீனியை இரண்டு வேளைக்குப் பதிலாக நாலைந்து வேளையாகப் பிரித்து, அதில் ஒன்றை எதிர்வீட்டில் மீன் நறுக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் வைக்கலாம். அக்காவுக்குப் போடாமல் இருக்க மனமில்லையா? நம் வீட்டுத் தீனியிலேயே ஒரு பிடியை டப்பாவில் கொடுத்து வைத்தால் அவருக்குப் பூனையும் கிடைக்கும், நமக்குக் கணக்கும் கிடைக்கும்.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் தெருவில் போடுகிற எல்லாரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். முதல் சில நாள் பூனை முன்னை விட அதிகமாகக் கத்தும், கதவைப் பிறாண்டும். பழக்கம் அறுபடும்போது எந்த விலங்கும் காட்டும் கடைசி முயற்சி அது. அந்த நேரத்தில் இரக்கப்பட்டு யாராவது ஒரு துண்டைத் தூக்கிப் போட்டால், எவ்வளவு நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்பதைப் பூனை கற்றுக்கொண்டுவிடும். மறுநாள் அவ்வளவு நேரமும் கத்தும்.